தோல் கெடாத துப்பாக்கி

சாண்ட் க்ரீக், மொன்டானா
14 அக்டோபர் 1978

அன்புள்ள லெயோட்டாவுக்கு,

நானும் பென்னியும் சுகம்; அவள் என் காலடியில் வாலைச் சுருட்டிக்கொண்டு படுத்திருக்கிறாள். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? குளிர் வந்தால் அது உனக்கு முன்னால் எழுந்துகொள்ளுமே. இங்கே போன வாரமே முதல் பனி விழுந்துவிட்டது.

போன குளிர்காலம் தோல் வாங்குகிற வண்டிக்காரர் என்னைப் படுத்திய பாட்டை உன்னிடம் சொல்லவில்லை. நான் கொண்டுபோன கயோட்டித் தோலைத் தூக்கிப் பிடித்து, அதன் ஓட்டை வழியாக என்னையே எட்டிப் பார்த்தார். "ஆர்வின், இது தோலா, ஜன்னலா? ஒரு திரைச்சீலை தச்சுப் போட்டுடுங்க, வீட்டுக்கு அழகா இருக்கும்" என்றார். பெட்ரோல் பங்கில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு, அவர் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்தேன்.

தப்பு அவர்மேல் இல்லை. என்னிடம் இருப்பது மான் சுடுகிற துப்பாக்கி. கயோட்டியோ ஓநாயாகவும் வளராமல் நரியாகவும் நிற்காமல் நடுவில் நின்றுவிட்ட பிறவி. முடியை எடுத்துவிட்டால் உள்ளே பாதி உடம்புதான். குண்டு இந்தப் பக்கம் சின்னதாகப் போய், அந்தப் பக்கம் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குக் கிழித்துக்கொண்டு வெளியேறுகிறது.

இரண்டு வருஷமாக மழை இல்லை. வைக்கோல் போதாமல் பாதி மாடுகளை விற்றுவிட்டேன். இந்த வருஷம் கயோட்டித் தோலுக்கு நல்ல கிராக்கி என்கிறார்கள். தோல் முழுசாக வந்தால் யார் கையையும் எதிர்பார்க்காமல் இங்கேயே இருந்துவிடுவேன். இல்லையென்றால் இடத்தை விற்றுவிட்டு உன் வீட்டு மாடியறையில் வந்து உட்கார வேண்டியதுதான். உனக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம், பென்னிக்கு மாடிப்படி ஏறவே தெரியாது.

அதனால் சின்ன துப்பாக்கி ஒன்று வாங்கப் போகிறேன். கடைக்காரன் ஹார்னெட் வாங்கு என்கிறான். பக்கத்து நிலத்து நெல்ஸ், ஆட்டுக்காரன், உனக்குத் தெரியுமே, "மூணு ரெண்டுதாண்ணே ராஜா" என்கிறான், குழாயில் 222 என்று பொறித்த துப்பாக்கியை. ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். நீதான் தோல் கிடங்கில் நாள் முழுக்க ஓட்டை தைக்கிறாய். எந்தத் துப்பாக்கிக்காரன் தோல் வந்தால் உனக்கு வேலை குறைவு என்று எழுது.

கொஞ்சம் பெரிய எழுத்தாக எழுது. இங்கே விளக்கு வெளிச்சம் போதவில்லை.

அண்ணன்
ஆர்வின்


ராப்பிட் சிட்டி, தெற்கு டகோட்டா
27 அக்டோபர் 1978

அன்புள்ள அண்ணா,

முட்டி இருக்கிறது, வலியும் கூடவே இருக்கிறது. மற்றபடி சுகம். பென்னிக்கு என் முத்தம்.

நீ கேட்டதை முதலாளியிடமும் கேட்டேன். "லெயோட்டா, உன் அண்ணன் தோலைத் தைக்கவே தனியா ஒரு ஊசி நூல் கடை வைக்கணும்போல" என்றார். சிரிக்காதே, உன் தோல் இரண்டு போன வருஷம் இங்கேதான் வந்து சேர்ந்தது. உன் பெயர் எழுதியிருக்காவிட்டாலும் நீ தோல் உரித்த விதத்தை வைத்தே நான் கண்டுபிடித்திருப்பேன்.

என் மேசைக்கு வருவதை வைத்துச் சொல்கிறேன். ஹார்னெட் சாது. ஓட்டை சின்னதுதான். ஆனால் தூரத்தில் போனால் அதற்குத் தெம்பு இல்லை. அடிபட்ட கயோட்டி ஓடிப்போய் எங்கோ சாகும். பாவம் அது. மூணு ரெண்டு பரவாயில்லை. இரண்டு தோலில் ஒன்று சுத்தமாக வரும், மற்றொன்றில் என் கை முழுதாக நுழையும். எலும்பில் பட்டால் அப்படி.

வயோமிங்கிலிருந்து அண்ணன் தம்பி இருவர் கொண்டுவருகிறார்கள். அவர்கள் தோல்களில் நான் ஊசியே வைத்ததில்லை. என்னவென்று கேட்டேன். பதினேழு என்றார்கள். துப்பாக்கிக் குழாயின் துளை ஒரு அங்குலத்தை நூறாக்கினால் அதில் பதினேழு பங்குதானாம். குண்டு கோதுமை மணிக்குக் கொஞ்சம் பெரிது. அசுர வேகத்தில் உள்ளே போய் அங்கேயே பொடிந்துவிடும், வெளியே வராது. உள்ளே போன துளையும் முடி மூடிக்கொண்டால் தெரியாது. தம்பிக்காரர் சொன்னார்: "அக்கா, சில சமயம் எங்க பட்டுச்சுன்னு நாங்களே தடவித் தடவித் தேடுவோம். சத்தத்துல பயந்தே செத்துடுச்சோன்னு இருக்கும்."

ஆனால் இடம் தவறக்கூடாது என்றார்கள். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சில் பட வேண்டும். காற்று அடித்தால் குண்டு விலகிப் போகும். நீ எப்போதும் நெஞ்சுக்குத்தான் சுடுவாய், அதனால் உனக்குப் பயமில்லை.

பெரிய எழுத்தாகத்தான் எழுதியிருக்கிறேன். உன் வரிகளும் இந்தத் தடவை மலை ஏறி இறங்குகின்றன, அண்ணா. விளக்கை மாற்று.

தங்கை
லெயோட்டா


சாண்ட் க்ரீக்
19 நவம்பர் 1978

அன்புள்ள லெயோட்டாவுக்கு,

சுகம். முட்டிக்கு ஆட்டுக்கம்பளித் துணி கட்டிக்கொள். நெல்ஸ் மனைவி இங்கா ஒரு துண்டு கொடுத்தாள், உனக்கு அனுப்பும் தோல் மூட்டையில் வைத்திருக்கிறேன்.

பதினேழு வாங்கிவிட்டேன். கடைக்காரன் பெட்டியைத் திறந்து காட்டியபோது குண்டைப் பார்த்துவிட்டு, "இதை வச்சுக் கயோட்டியைக் கொல்றதா, இல்ல அதுக்குப் பல்லு குத்தக் குடுக்கிறதா?" என்று கேட்டேன். "வீட்டுக்குப் போய்ச் சுட்டுப் பாருங்க, அப்புறம் பேசுங்க" என்றான். குழாய் சீக்கிரம் அழுக்காகிவிடுமாம். கொஞ்சம் சுட்டதும் மெல்லிய கம்பி விட்டுத் துடைக்க வேண்டும். ராணிக்குப் பல் விளக்கிவிடுகிற மாதிரி சேவகம் செய்கிறேன்.

வயோமிங்காரர்கள் பொய் சொல்லவில்லை. முதல் நாளே ஒன்று விழுந்தது. புரட்டிப் புரட்டிப் பார்த்தேன், துளையைக் காணோம். ஒரு சொட்டு ரத்தம் இல்லை. ஏதோ தூங்குகிறதைத் திருடிக்கொண்டு வந்த மாதிரி எனக்கே கூச்சமாக இருந்தது.

பென்னியை நீ பார்க்க வேண்டும். முயல் மாதிரிக் கத்துகிற குழலை நான் ஊதினதும் மேட்டில் கயோட்டிகள் தலை காட்டும். இவள் சாவகாசமாக அதுகளை நோக்கி நடந்து போவாள். "யாருடி நீ எங்க எடத்துல?" என்று அதுகளுக்குக் கோபம் வந்து துரத்தும். உடனே திரும்பி என்னைப் பார்த்து ஓட்டம். அதுகள் பின்னாலேயே வரும். நான் உட்கார்ந்த இடத்துக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிட்டு ஒதுங்கிக்கொள்வாள். பாதித் தோலுக்குச் சொந்தக்காரி அவள்தான்.

நெல்ஸ் ஒருநாள் கூட வந்து பார்த்துவிட்டு, "அண்ணே, இவளுக்குக் கல்யாணம் ஆகலேன்னா எங்கிட்ட சொல்லுங்க" என்றான். அவன் ஆடுகளைக் கயோட்டி தின்கிறது, எனக்குத் தோல் வேண்டும். இரண்டு பேருக்கும் ஒரே வேட்டை. இப்போதெல்லாம் டவுனுக்குப் போனால் அவன்தான் வண்டி ஓட்டுகிறான். பேச்சுத்துணைக்கு என்கிறான்.

மூட்டையைப் பேருந்தில் போட்டிருக்கிறேன். உன் முதலாளியிடம் காட்டு. ஜன்னல் எங்கே என்று தேடச் சொல்.

ஆர்வின்


ராப்பிட் சிட்டி
3 டிசம்பர் 1978

அன்புள்ள அண்ணா,

கம்பளித் துணி வந்தது. இங்காவுக்கு நன்றி சொல். இப்போது மாடிப்படி ஏறும்போது கொஞ்சம் தேவலை.

முதலாளி உன் தோல்களை ஒவ்வொன்றாக உதறி, முடியில் ஊதிப் பார்த்தார். ஜன்னல் ஒன்றும் இல்லை. "உன் அண்ணன் ஒருவழியா தேறிட்டார்" என்றார். முதல் தரம் போட்டார். எனக்கும் பெருமையாக இருந்தது.

அவர் போன பிறகு நான் உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். என் பழக்கம் உனக்குத் தெரியும். வெளியே துளை தெரியாவிட்டாலும், குண்டு பட்ட இடத்தில் தோலின் உள்பக்கம் கறுநீலமாக ரத்தம் கட்டியிருக்கும். ஒன்று நெஞ்சில் சரியாக இருந்தது. மற்றவை அப்படி இல்லை, அண்ணா. இரண்டில் இடுப்பில். ஒன்றில் பின்தொடையில். ஒன்று தோள் எலும்பில் பட்டுத் தோலுக்கு அடியிலேயே சிதறியிருந்தது. அது உடனே செத்திருக்காது.

போன வருஷத்துத் தோல்களில் ஓட்டை பெரிதாக இருந்தாலும் இடம் தப்பாமல் இருந்தது. முப்பது வருஷமாக உன் குண்டு எங்கே படும் என்று எனக்குத் தெரியும்.

கண் டாக்டரிடம் ஒருமுறை காட்டேன். அப்பாவுக்கும் இந்த வயதில்தான் புரை விழுந்தது. இப்போதெல்லாம் பில்லிங்ஸில் எளிதாகச் செய்துவிடுகிறார்களாம். கோபப்படாமல் யோசி.

கிறிஸ்துமஸுக்கு ரொட்டி அனுப்புகிறேன்.

லெயோட்டா


சாண்ட் க்ரீக்
20 டிசம்பர் 1978

லெயோட்டாவுக்கு,

ரொட்டி வந்தது. நன்றி. சுகம்.

இங்கே காற்று அடிப்பது உனக்கு மறந்துவிட்டது. கோதுமை மணி அளவு குண்டை இந்தக் காற்று எங்கே வேண்டுமானாலும் தள்ளும். குழாயும் அழுக்காக இருந்திருக்கும். துப்பாக்கி புதிது, கைக்குப் படிய நாளாகும்.

அப்பாவுக்கு ஆபரேஷன் செய்து கண்ணைக் கட்டி அனுப்பினார்கள். கட்டை அவிழ்த்தபோது முன்னால் தெரிந்ததும் தெரியவில்லை. அதற்கப்புறம் அவர் நாற்காலியைவிட்டு எழுந்தாரா? நீ சின்னப் பெண், நான் கூட இருந்தேன். என் கண்ணைப் பற்றி இனிமேல் எழுதாதே.

கிறிஸ்துமஸுக்கு நெல்ஸ் வீட்டில் சாப்பாடு. இங்கா உருளைக்கிழங்கு ரொட்டி தட்டுவாள். பென்னிக்கும் அழைப்பு உண்டு.

ஆர்வின்


சாண்ட் க்ரீக்
21 ஜனவரி 1979

லெயோட்டாவுக்கு,

பென்னி போய்விட்டாள்.

உன் கிறிஸ்துமஸ் அட்டைக்குப் பதில் எழுதவில்லை. இப்போதும் எழுத முடியவில்லை. ஆனாலும் யாரிடமாவது சொல்ல வேண்டும்.

வியாழக்கிழமை சாயங்காலம் வடக்கு மேட்டில் உட்கார்ந்திருந்தோம். சாய்ந்த வெயில் பனியில் பட்டுக் கண் கூசியது. குழல் ஊதினேன். மேட்டில் இரண்டு கயோட்டி. இவள் போனாள். வழக்கம்போல ஒன்று துரத்திக்கொண்டு வந்தது. நான் ஒரு குண்டு சுட்டேன். அது தப்பித்து ஓடைக்குள் இறங்கி ஓடிவிட்டது. பென்னியைக் கூப்பிட்டேன். வரவில்லை. எழுந்துபோய்ப் பார்த்தால் பனியில் ஒருக்களித்துக் கிடக்கிறாள். வாயோரத்தில் நுரை. மூச்சு இல்லை.

கையுறையைக் கழற்றிவிட்டுத் தலையிலிருந்து வால்வரை தடவிப் பார்த்தேன். கயோட்டி கடித்திருக்குமோ என்று. ஒரு காயம் இல்லை. ஒரு துளி ரத்தம் இல்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்று காலை நெல்ஸ் வேலிப் பக்கம் செத்த ஆடு ஒன்று கிடந்தது. பென்னி அதைப் போய் மோந்தாள். நான் விசில் அடித்துக் கூப்பிட்டேன். அந்த ஆட்டில் விஷம் வைத்திருக்கிறான். கயோட்டிக்கு வைக்கிற விஷத்தை அரசாங்கம் தடை செய்து வருஷக்கணக்காகிறது. ஆட்டுக்காரர்கள் கொஞ்சம் கொஞ்சம் ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று ஊருக்கே தெரியும். இவனும் வைத்திருக்கிறான்.

என் வீட்டு மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டவன், லெயோட்டா. அவள் தலையைத் தடவிக்கொடுத்த கை.

தரை பாறையாக உறைந்து கிடக்கிறது, குழி வெட்ட முடியாது. கேன்வாஸில் சுற்றித் தானியக் கொட்டகையில் கிடத்தியிருக்கிறேன். பனி இளகினதும்தான் புதைக்க வேண்டும்.

ஆர்வின்


ராப்பிட் சிட்டி
30 ஜனவரி 1979

அன்புள்ள அண்ணா,

கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. பென்னி குட்டியாக இருந்தபோது என் செருப்பைக் கடித்துவைத்தாளே, அதை நான் இன்னும் தூக்கிப்போடவில்லை. நீ அந்த வீட்டில் தனியாக எப்படி இருப்பாய் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு தாள் எழுதிக் கிழித்துப்போட்டேன். அதனால்தான் தாமதம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்தக் கயோட்டிக்கு அடியே படவில்லையா? பனியில் ரத்தம் பார்த்தாயா? பென்னி அப்போது எந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தாள்?

நெல்ஸைப் பற்றி யாரிடமும் இப்போதைக்குச் சொல்லாதே. கொஞ்ச நாள் பொறுத்துக்கொள். வேளாவேளைக்குச் சாப்பிடு. கூப்பிட்டால் வந்துவிடுகிறேன்.

லெயோட்டா


சாண்ட் க்ரீக்
18 பிப்ரவரி 1979

லெயோட்டாவுக்கு,

நீ என்ன போலீஸா? ரத்தம் இல்லை. கயோட்டி நாலு கால் பாய்ச்சலில் போனது, நானே பார்த்தேன். காற்றடித்த நாள், குண்டு விலகியிருக்கும்.

பொறுக்கச் சொன்ன உன் கடிதம் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. டவுனில் காப்பி கடையில் எல்லார் முன்னாலும் அவனைக் கேட்டேன். "ஏன்டா நெல்ஸ், உன் ஆட்டைவிட என் நாய் உனக்கு அவ்வளவு மட்டமாப் போச்சா? விஷம் வச்சவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அவளைக் கட்டிப் போட்டிருப்பேனே" என்றேன். இல்லை என்று சொல்வான், சண்டைக்கு வருவான் என்று பார்த்தேன். என்னையே கொஞ்ச நேரம் பார்த்தான். கோப்பையை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

மாவட்டக் காவல் அதிகாரியிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். அவன் ஆடு மேய்க்கிறது மாநில அரசின் குத்தகை நிலம். விஷம் வைத்தவனுக்குக் குத்தகை கிடையாது. ஏப்ரல் இருபதாம் தேதி விசாரணைக் கூட்டம். நான் போய் நின்று சொல்லப்போகிறேன். அந்த நிலம் போனால் அவனுக்கு ஆடு இல்லை, ஆடு போனால் அவனுக்கு ஒன்றுமில்லை. எனக்கு பென்னி இல்லாத மாதிரி அவனும் இருந்து பார்க்கட்டும்.

இதில் கேளு, பனி விழுந்தால் இன்னும் டிராக்டரில் வந்து என் வீட்டுப் பாதையை வழித்துவிட்டுப் போகிறான். இறங்குவதில்லை, பேசுவதில்லை. மனசு உறுத்துகிறதுபோல.

ஊரில் ஒருவரும் அவனோடு காப்பி குடிப்பதில்லை இப்போது.

ஆர்வின்


ராப்பிட் சிட்டி
27 பிப்ரவரி 1979

அன்புள்ள அண்ணா,

நீ நலமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்துக்கு அப்புறமும்.

இதை எழுதாமல் இருந்துவிடலாம் என்றுதான் இத்தனை நாள் நினைத்தேன். நெல்ஸின் நிலம் போகப்போகிறது என்று நீ எழுதாமல் இருந்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். எனக்கு நெல்ஸைவிட நீ முக்கியம். ஆனால் அவனுக்கும் ஒரு குடும்பம் இருக்கிறது.

அண்ணா, எங்கள் கிடங்கில் வெளியே பார்த்து யாரும் முடிவு சொல்வதில்லை. பதினேழு வந்த பிறகு அப்படிச் சொல்லவே முடியாது. வெளியே காயமில்லை, ரத்தமில்லை, தடவினாலும் தெரியாது. அந்தத் துப்பாக்கியை நான் உனக்குச் சொன்னதே அதற்காகத்தான். நீ பென்னியைத் தடவிப் பார்த்த மாதிரிதான் முதல் கயோட்டியையும் தடவிப் பார்த்தாய். அதிலும் நீ ஒன்றையும் காணவில்லை.

நுரையீரலில் பட்டாலும் வாயோரம் நுரை வரும்.

ஒரே குண்டு சுட்டாய். கயோட்டிக்குப் படவில்லை. அதற்கு முன்னால் ஓடி வந்தவள் விழுந்தாள். பனிமேல் சாயங்கால வெயிலில் பென்னியின் நிறத்துக்கும் கயோட்டியின் நிறத்துக்கும் என்ன வித்தியாசம்? கண் தெளிவாக இருக்கிறவனுக்கே கஷ்டம்.

நான் தப்பாக இருந்தால் என்னைத் திட்டு. காலமெல்லாம் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் கூட்டத்துக்குப் போவதற்கு முன்னால் அவள் தோலை உள்பக்கம் திருப்பிப் பார். எப்படிப் பார்ப்பது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கறுநீலம் இல்லையென்றால் விஷம்தான். நீ போய் என்ன சொல்ல வேண்டுமோ சொல்.

அந்த வேலையை நீ தனியாகச் செய்ய வேண்டாம். ஒரு வார்த்தை எழுது, நான் வருகிறேன். என் கை செய்யட்டும்.

தங்கை
லெயோட்டா


ராப்பிட் சிட்டி
2 ஏப்ரல் 1979

அன்புள்ள அண்ணா,

ஒரு மாதத்துக்கு மேலாகிறது. பதில் இல்லை. தபால்காரர் என்னைப் பார்த்ததுமே தலையை ஆட்டிவிட்டுப் போகிறார். இங்காவுக்குத் தொலைபேசியில் பேசினேன். உன் புகைபோக்கியில் புகை வருகிறது என்று மட்டும் சொன்னாள். அந்தப் புகையை நம்பித்தான் தூங்குகிறேன்.

துப்பாக்கி எங்கே வைத்திருக்கிறாய்? கொஞ்ச நாள் யாரிடமாவது கொடுத்து வை. எனக்காக.

திட்டியாவது எழுது.

லெயோட்டா


சாண்ட் க்ரீக்
16 ஏப்ரல் 1979

லெயோட்டாவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். சாப்பிடுகிறேன். உன் முட்டியைக் கேட்க மறந்து பல நாளாகிறது, அது எப்படி இருக்கிறது?

உன் கடிதத்தை வாசித்துவிட்டு முதலில் அடுப்பில் போட்டேன். அன்றே கொட்டகையிலிருந்து அவளைத் தூக்கி வந்து சமையல் அறையில் கிடத்தினேன். உறைந்தது இளகும்வரை பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். இளகினதும் கையெடுக்க முடியவில்லை. திரும்பவும் கொட்டகைக்குக் கொண்டுபோனேன். இப்படியே இரண்டு தடவை. அதனால்தான் பதில் எழுதவில்லை.

போன வாரம்தான் முடித்தேன். இடது முன்னங்காலுக்குப் பின்னால், நெஞ்சுக்கு நேராக, கையகலத்துக்குக் கறுநீலம். இந்தக் குளிர்காலம் முழுக்க இடுப்பிலும் தொடையிலும் சுட்டவன், லெயோட்டா. நீ சொன்ன அந்த ஒன்றைத் தவிர, பட வேண்டிய இடத்தில் ஒழுங்காகப் பட்டது இதுதான். நானே அழுதேன், நானே அதைப் பார்த்து நல்ல குறி என்றும் நினைத்தேன். என்ன மனுஷன் நான்.

அவளைக் கேன்வாஸில் சுற்றி மேட்டில் புதைத்துவிட்டு நேராக நெல்ஸ் தொழுவத்துக்கு நடந்து போனேன். குட்டி போடுகிற காலம், முழங்கை வரை ரத்தத்தோடு நின்றான். என்னைப் பார்த்ததும் வாசலுக்கு வந்து வழியை மறித்துக்கொண்டு நின்றான். அடிக்க வந்தேன் என்று நினைத்திருப்பான்.

"நெல்ஸ், அவளை நான்தான்டா சுட்டேன்" என்றேன்.

"தெரியும்ணே" என்றான்.

எனக்குப் புரியவில்லை. "என்ன தெரியும்?"

"வைக்கோல் போர் மேல நின்னு ஆட்டுக்குத் தள்ளிக்கிட்டிருந்தேன். பாத்தேன். சத்தம் கேட்டுச்சு, முன்னால வந்தது விழுந்துச்சு, பின்னால வந்தது ஓடிடுச்சு. நீங்க போய் மண்டி போட்டுத் தடவினதையும் பாத்தேன்."

"கடையில வச்சு அத்தனை பேர் முன்னாடி கேட்டேனே. அப்பவே சொல்றதுக்கென்ன?"

"சொல்லலாம்னுதான் வாயைத் திறந்தேன். உங்க மூஞ்சியைப் பாத்தேன், வரல." கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். "என்மேல கோவமா இருந்தா காலையில எழுந்து அந்தக் கோவத்துக்காவது அடுப்பு மூட்டுவீங்க. உங்கமேலயே கோவம் வந்தா? அந்த வீட்டுல ஒத்தையா, மூலையில அந்தத் துப்பாக்கியையும் வச்சுக்கிட்டு? இங்கா சொன்னா, வெஷக்காரன்னு பேர் வந்தா வந்துட்டுப் போகுதுன்னு."

"நான் இப்படி வராம இருந்து, நிலம் போயிருந்தா?"

"கூட்டத்துக்கு முந்தின நாள் வந்து சொல்லியிருப்பேன்." கொஞ்சம் யோசித்தான். "இல்லண்ணே. சொல்லியிருக்க மாட்டேன்னுதான் நெனைக்கிறேன்."

தொழுவத்தில் ஆடு ஒன்று கத்தியது, அவன் உள்ளே போய்விட்டான்.

புகாரைத் திரும்ப வாங்கிவிட்டேன். காப்பி கடையில் அதே நாற்காலியில் உட்கார்ந்து எல்லாரிடமும் சொன்னேன். யாராவது கேலி செய்வார்கள் என்று பார்த்தேன். ஒருவரும் செய்யவில்லை. கடைக்காரி வந்து என் கோப்பையை நிரப்பிவிட்டுப் போனாள். பதினேழை நெல்ஸ் வீட்டில் கொடுத்துவிட்டேன், நீ நிம்மதியாகத் தூங்கு.

உன்மேல் எனக்குக் கோபம் உண்டு. அதை மறைக்கப் போவதில்லை. நீ எழுதியது சரி, எழுதாமல் இருந்தால் ஒரு நல்லவனைத் தெருவில் விட்டிருப்பேன். அதுவும் தெரிகிறது. இருந்தாலும் பென்னியை யாரோ கொன்றார்கள் என்று இருந்த நாட்களில் என்னால் தூங்க முடிந்தது. அதை நீ எடுத்துக்கொண்டாய். இந்தக் கோபம் போக நாளாகும், பொறுத்துக்கொள்.

மே எட்டாம் தேதி பில்லிங்ஸில் கண்ணுக்கு நாள் குறித்திருக்கிறார்கள். வலது கண் முதலில். நெல்ஸ்தான் வண்டியில் கூட்டிப்போகிறான், வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. கட்டு அவிழ்க்கிறவரை கூடவே இருப்பேன் என்கிறான்.

நீயும் வா, லெயோட்டா. முட்டி வலித்தாலும் வா. கட்டை அவிழ்க்கும்போது எனக்கு முன்னால் நீ நில். முதலில் அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அண்ணன்
ஆர்வின்